ஐந்து ரொட்டி, இரண்டு மீன்: பிள்ளைகளுக்கான ஒரு காலை நிகழ்ச்சியை ஒழுங்கு செய்யும் முழு வழிகாட்டி

சபையில் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வைப்போம் என்று முடிவெடுத்த உடனே நாங்கள் பொறுப்புகளைப் பிரித்துவிடுவோம். பாட்டுக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், கதைக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு இரண்டு பேர். அவரவர் தமக்குத் தெரிந்ததைக் கொண்டு வருவார்கள். பாட்டு நோவாவின் பேழையைப் பற்றி இருக்கும், கதை தாவீதைப் பற்றி இருக்கும், கைவேலைக்கு வண்ணத்துப்பூச்சி வெட்டுவார்கள். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் "என்ன மகள் படிச்சனீங்க?" என்று தாய் கேட்டால், "பணிஸ் தந்தாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

மட்டக்களப்பு எழுவான்கரையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியையாக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கதை போதும். அந்தக் கதையில் ஒரு வரி போதும். பாட்டும் விளையாட்டும் கைவேலையும் சாப்பாடும், கடைசியில் குப்பை பொறுக்குவதும்கூட, அந்த ஒரு வரியிலிருந்தே வர வேண்டும். இதை வெறுமனே சொல்லிவிட்டுப் போகாமல், யோவான் 6ஆம் அதிகாரத்தில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனின் கதையை (அவற்றைக் கொண்டு இயேசு ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்தார், மிஞ்சியது பன்னிரண்டு கூடை நிறைந்தது) எடுத்து, நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேர நிகழ்ச்சியாகப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன்.

கதையைத் தெரிவு செய்தல்

வேதாகமத்தைத் திறக்குமுன் வரப்போகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறினால். 2006ஆம் ஆண்டு, ஒரு கடற்கரைக் கிராமத்தில், இயேசு புயலை அமர்த்திய கதையை எடுத்தோம். மாற்கு 4ஆம் அதிகாரம். கதை உயிரோடு இருக்க வேண்டும் என்று யன்னல்களைச் சாத்தினோம், தகரத்தை ஆட்டிச் சத்தம் போட்டோம், பிள்ளைகள் மேல் தண்ணீர் தெளித்தோம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடியது. சுனாமி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை.

கதையில் பிழையில்லை. பிறகும் பல தடவை அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் காற்றிலும் அலையிலும் தொடங்குவதில்லை. படகின் பின்னணியத்தில், அதாவது பின்பக்கத்தில், தலையணை வைத்து நித்திரையாயிருந்த இயேசுவில் தொடங்குவேன். (அணியம் என்ற சொல்லை எங்கள் மீனவர் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை.) இன்றைய பிள்ளைகள் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் டிசம்பர் 26ஆம் திகதி வீட்டில் விளக்கேற்றி அழும் பெரியவர்களோடு வளர்கிறவர்கள். 1978 சூறாவளியைச் சொல்லிச் சொல்லியே வளர்க்கும் அம்மம்மாமார் இன்னும் இருக்கிறார்கள்.

வேறு பாரங்களும் உண்டு. தாய் குவைத்திலோ டுபாயிலோ வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். தாய் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்கும் ஏசாயா 49:15ஐ அந்தப் பிள்ளையின் முன்னால் எந்தக் குரலில் வாசிக்கப்போகிறீர்கள் என்று முதல்நாளே யோசிக்க வேண்டும்.

ஐந்து அப்பக் கதையை நான் அடிக்கடி எடுப்பதற்குக் காரணம், அதன் நடுவில் ஒரு பிள்ளை நிற்கிறது. மீன் இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, பசி இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றும் அதில் இல்லை.

கதை முடிவானதும் அதன் ஒரு வரியை எழுதுங்கள். நான் எழுதுவது: "என்னட்ட இருக்கிறது கொஞ்சம். அதை இயேசுவின் கையில் குடுப்பன்." பிள்ளை பேசும் பேச்சில், ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அதைப் பிறிஸ்டல் போர்டில் பெரிதாக எழுதி, ஆயத்தக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். யாராவது ஒரு பாட்டையோ விளையாட்டையோ கொண்டுவந்தால் அந்த வரியைத் தொடுகிறதா என்று கேளுங்கள். தொடாவிட்டால், எவ்வளவு நல்லதென்றாலும், இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

இந்தக் கதையில் ஒரு வழுக்கலும் உண்டு. "நீ கொடுத்தால் ஆண்டவர் உனக்குப் பல மடங்காய்த் திருப்பித் தருவார்" என்று முடித்துவிடுவது சுலபம். அந்தப் பையன் பன்னிரண்டு கூடையையும் வீட்டுக்குக் கொண்டுபோனதாக யோவான் எழுதவில்லை. அவனுடைய பெயரைக்கூட எழுதவில்லை. அவன் கொடுத்தான், எல்லாரும் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே இந்த நிகழ்ச்சி நடக்கும் நாளில் காணிக்கைப் பெட்டியைப் பிள்ளைகளுக்கு முன்னால் கொண்டுவர வேண்டாம். கையில் காசில்லாமல் வந்த ஒரு பிள்ளை, தனக்குச் சொல்லப்பட்ட கதை இதுதான் என்று நினைத்துவிடும்.

நாள், நேரம், இடம்

மழைக்காலம், அதாவது நவம்பர் தொடங்கி ஜனவரி வரை, வேண்டாம். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் பாதைகள் தண்ணீரில் நிற்கும். பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, அல்லது ஒரு போயா நாள் வசதி. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் வைத்தால் அந்த வயதுப் பிள்ளைகள் ஒருவரும் வரமாட்டார்கள். ஊரின் நாட்காட்டியையும் பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம். அந்த நாட்களில் அயல் முழுவதும் அங்கேதான் இருக்கும். அயலவரின் திருநாளுக்குக் குறுக்கே எங்கள் ஒலிபெருக்கி நிற்பது மரியாதையும் அல்ல.

காலை 8.30க்குத் தொடங்கி 11 மணிக்கு முடியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதினொரு மணிக்குப் பிறகு தகரக் கூரை மண்டபத்தில் பெரியவர்களாலேயே இருக்க முடியாது. வேம்போ மாமரமோ உள்ள வளவு கிடைத்தால் பாய் விரித்து வெளியிலேயே வையுங்கள். "அந்த இடம் மிகுந்த புல்லுள்ளதாயிருந்தது" என்று யோவான் எழுதுகிற கதைக்கு அதுவே பொருத்தமான இடம். மலசலகூடம் எத்தனை, அதில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று ஒரு வாரத்துக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். வாவிக்கரை வளவு அழகுதான். ஆனால் நாற்பது பிள்ளைகளையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் போதாது. நான் அங்கே வைப்பதில்லை.

வீடு வீடாகப் போதல்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் போதும் என்று இப்போது நினைக்கிறோம். போதாது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சின்னக் கடிதத்தோடு நேரில் போங்கள். திகதி, நேரம், இடம், என்ன நடக்கும், என்ன சாப்பாடு, யார் பொறுப்பு, தொலைபேசி எண். கீழே பெற்றோர் கையெழுத்திட ஒரு துண்டு. அந்தத் துண்டில் மூன்று கேள்விகள் கட்டாயம்: பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதும் உண்டா, நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டிப்போக வருபவர் யார், பிள்ளையின் படத்தை எடுக்கவும் போடவும் சம்மதமா.

எங்கள் ஊர்களில் அயல்வீட்டு இந்துப் பிள்ளைகளும் கூட்டாளிமாரோடு வர ஆசைப்படுவார்கள். வரட்டும். ஆனால் அவர்களின் தாய் தகப்பனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: "வேதாகமத்தில இருந்து ஒரு கதை சொல்லுவம், பாட்டுப் படிப்பம், ஜெபம் பண்ணுவம். விருப்பமெண்டால் அனுப்புங்க அக்கா." வெறும் "விளையாட்டு விழா" என்று சொல்லிக் கூட்டிவருவது பொய். அந்தப் பொய்யின் மேல் ஆண்டவருடைய கதையைச் சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விடைபெறுங்கள். ஆள் கூட்டி வரும் பிள்ளைக்குப் பரிசு என்று அறிவிக்க வேண்டாம். வந்த பிள்ளையிடம் எந்த வாக்குறுதியும் வாங்க வேண்டாம்.

ஆட்களும் பாதுகாப்பும்

நாற்பது பிள்ளைகளுக்கு எட்டுப் பேர் வேண்டும். அதில் நான்கு பேராவது பெரியவர்களாக இருக்கட்டும், மற்றவர்கள் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளாக இருக்கலாம். கதை சொல்பவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். பாட்டுக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், குசினிக்கு இரண்டு பேர், இடாப்புக்கு ஒருவர், வாசலுக்கு இரண்டு பேர்.

வாசலுக்கு ஏன் இரண்டு பேர் என்று மட்டக்களப்பில் யாரும் கேட்பதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைகள் நிகழ்ச்சியிலும் வாசலை நாங்கள் வெறுமையாக விட்டதில்லை. வாசலில் நிற்பவர்கள் பிள்ளைகளை முகம் பார்த்துப் பெயர் சொல்லி வரவேற்கத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். பயமுறுத்தும் காவலாக அது இருக்கக் கூடாது.

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக ஓர் அறையில் இருக்கும் நிலை ஒருபோதும் வரக் கூடாது. மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவதென்றாலும் இரண்டு பிள்ளைகளாகக் கூட்டிப்போங்கள், கூட்டிப்போகிறவர் வெளியில் நிற்கட்டும். இது போதகருக்கும் பொருந்தும், இருபது வருடம் படிப்பித்த ஆசிரியருக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் தீங்கு எதையாவது உங்களிடம் சொன்னால், கேட்டு, நம்பி, 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். அவசர நோயாளர் வண்டிக்கு 1990. இரண்டையும் இடாப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கதையைச் சமைத்தல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கதை சொல்பவர் குறைந்தது பத்து நாட்களாவது இந்தக் கதையோடு இருக்க வேண்டும்.

முதலில் நான்கு சுவிசேஷத்திலும் வாசியுங்கள்: மத்தேயு 14, மாற்கு 6, லூக்கா 9, யோவான் 6. உயிர்த்தெழுதலை விட்டால், நான்கு பேரும் எழுதிய அற்புதம் இது ஒன்றுதான். ஆனால் பையனைக் கண்டவர் யோவான் மட்டுமே. அப்பம் வாற்கோதுமை அப்பம் என்று சொல்பவரும் அவரே. மாற்கில் வேறொன்று கிடைக்கும்: பசும்புல், நூறு நூறு பேராகவும் ஐம்பது ஐம்பது பேராகவும் வரிசையாக உட்கார்ந்த மக்கள். இந்த வரிசை பிறகு எங்களுக்கு ஒரு விளையாட்டைத் தரும்.

வாற்கோதுமை என்ற சொல் எங்கள் பிள்ளைகளுக்கு வெறும் சத்தம்தான். கோதுமை வாங்க வசதியில்லாதவர்களின் தானியம் அது. அப்படியென்றால் எங்களுக்கு? குரக்கன். குரக்கன் ரொட்டி என்று சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் விளங்கிய அடையாளம் தெரியும். அதேபோல அந்த இரண்டு மீனும் வறுத்த பெரிய மீன் அல்ல. யோவான் அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல், அப்பத்தோடு தொட்டுச் சாப்பிடும் சின்ன மீனைக் குறிக்கும். எங்கள் நெத்தலிக் கருவாடு போல என்று சொல்லலாம்.

இயேசுவின் சீஷரான பிலிப்பு "இருநூறு பணத்து அப்பங்களும்" போதாது என்கிறார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு ஒரு நாளைக்குப் பேசிய கூலி ஒரு பணம். ஆகவே இருநூறு பணம் என்பது இருநூறு நாள் கூலி. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் "உங்கட ஊரில ஒரு நாள் கூலி எவ்வளவு? அதை இருநூறால பெருக்குங்க பார்ப்பம்" என்று கேளுங்கள். மேசன் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் தகப்பன்மாரின் பிள்ளைகள் சரியான தொகையைச் சொல்வார்கள். பிலிப்பு ஏன் கையை விரித்தார் என்று அப்போது விளங்கும்.

கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீற்றர். எங்கள் மட்டக்களப்பு வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். "இயேசு நடந்த ஏரியை விட எங்கட வாவி நீளமா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. அந்தக் கணத்திலிருந்து கதை அவனுக்குச் சொந்தமாகிவிட்டது.

இனி, சொல்லும் விதம். படம் வேண்டாம், திரை வேண்டாம். ஒரு பொட்டலம் போதும். நிகழ்ச்சியன்று காலையில் ஐந்து சின்னக் குரக்கன் ரொட்டி சுட்டு, கொஞ்சம் நெத்தலி பொரித்து, நெருப்பில் வாட்டிய வாழையிலையில் சூட்டோடு வைத்து வாழைநாரால் கட்டுங்கள். கதை சொல்பவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பாயில் பிள்ளைகளோடு உட்காருவார். திறக்கமாட்டார். ஐந்து நிமிடம் கழித்து, இன்னொரு சீஷரான அந்திரேயா பையனைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான் நாரை அவிழ்க்க வேண்டும். இலை விரியும்போது சுட்ட தேங்காய்ப்பூவும் கருவாடுமாக ஒரு வாசம் எழும்பும் பாருங்கள், அந்த நேரம் பின்வரிசையில் தள்ளுப்பட்டுக்கொண்டிருந்த பையன்களும் முழங்காலில் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். ஐயாயிரம் பேர் என்ற எண் எவ்வளவு பெரிதென்று, அந்த ஐந்து ரொட்டியைக் கண்ணால் கண்டபிறகுதான் அவர்களுக்குத் தைக்கும். அந்த நேரத்தில் நான் குரலைத் தாழ்த்தி இப்படிச் சொல்வேன்:

"இவ்வளவுதான் அவனிட்ட இருந்தது. அவனுக்கும் பசிதான். சுத்திப் பார்க்கிறான், சனமெண்டால் சனம். அந்திரேயா சொல்லுறார், இது இத்தினை பேருக்கு எம்மாத்திரம் எண்டு. எம்மாத்திரம் எண்டால் என்ன? இது எந்த மூலைக்குக் காணும் எண்டு அர்த்தம். ஆனா இயேசு அப்பிடிச் சொல்லயில்ல. அவர் கையை நீட்டினார்."

கையை நீட்டி அப்படியே நிறுத்துங்கள். அவசரப்படாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை தானாகவே பொட்டலத்தைக் கையில் எடுத்து உங்களிடம் தரும். தராவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் மெதுவாக நகர்த்துங்கள்.

வேதத்தில் இல்லாததைச் சேர்க்காமல் இருப்பதில் நான் கண்டிப்பு. பையனுக்குப் பெயர் வைக்க வேண்டாம். "அவனுடைய அம்மா அன்போடு கட்டிக் கொடுத்தாள்" என்றும் சொல்ல வேண்டாம். அது எழுதப்படவில்லை. அதோடு அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளையும் அங்கே இருக்கும். பதிலாக, "உங்களுக்கு யார் சாப்பாடு கட்டித் தாற?" என்று கேளுங்கள். அம்மம்மா, பெரியம்மா, அப்பா, அக்கா என்று பதில் வரும். எல்லாப் பதிலும் சரி.

"ரொட்டி எப்பிடி மிஸ் கூடினது?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேதம் அதைச் சொல்லவில்லை என்று நேர்மையாகச் சொல்லுங்கள். இயேசு ஸ்தோத்திரம் பண்ணினார், பங்கிட்டார், எல்லாரும் திருப்தியானார்கள். எல்லாரும் தங்கள் தங்கள் பொட்டலத்தை வெளியில் எடுத்தார்கள் என்று விளக்கம் கொடுக்கவும் வேண்டாம், கையில் ரொட்டி பெருகுவதுபோல மாயவித்தை காட்டவும் வேண்டாம்.

மொத்தம் பத்து நிமிடம். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை அதற்கு மேல் பிடித்து வைக்க முடியாது. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் அல்ல, ஒரு பிள்ளைக்கு முன்னால் மூன்று தடவை சொல்லிப் பழகுங்கள்.

மனன வசனமும் பாட்டும்

யோவான் 6இலிருந்தே ஒரு வசனம் எடுக்கலாம். ஆனால் பழைய மொழிபெயர்ப்பில் அவை நீளம். நான் சங்கீதம் 23:1ஐ எடுப்பேன்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." புல்லுள்ள இடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தவரை அது அப்படியே காட்டுகிறது. தாழ்ச்சியடையேன் என்றால் எனக்கு ஒரு குறையும் வராது என்று விளக்கிவிடுங்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளும் சேர்ந்து வரும் நிகழ்ச்சியென்றால் அவர்கள் அறிந்தது "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்பது. எந்த வாசகம் என்று இரண்டு பக்க ஆசிரியர்களும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் திருத்தாதீர்கள்.

பாட்டைப் பொறுத்தவரை என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடும் மண் இது. வசந்தனும் கும்மியும் இங்கே பிள்ளைகளின் காலில் பிறவியிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, நாங்கள் ஏன் எப்போதும் வெளியிலிருந்து வந்த மெட்டிலேயே கைதட்டப் பழக்குகிறோம்? கும்மி மெட்டில் நான்கு வரி நீங்களே கட்டலாம். நாங்கள் கட்டியது இது:

அஞ்சே அஞ்சு ரொட்டி தாறன்,
ரெண்டே ரெண்டு மீனும் தாறன்,
கொஞ்சம் எண்டு பார்க்க வேணாம் ஆண்டவரே, இந்தக்
கூட்டம் எல்லாம் பசிச்சிருக்கு ஆண்டவரே.

வட்டமாகச் சுற்றி, "அஞ்சே அஞ்சு" வரும்போது ஐந்து விரல், "ரெண்டே ரெண்டு" வரும்போது இரண்டு விரல். ஊரில் கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார் இருந்தால் அரை மணி நேரம் வந்து தாளம் சொல்லித் தரக் கேளுங்கள்.

விளையாட்டும் கைவேலையும்

விளையாட்டு மாற்கு தந்த வரிசைதான். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வளவில் நடப்பார்கள். தலைவர் "ஐந்து!" என்றால் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து உட்கார வேண்டும். "மூன்று!", "எட்டு!" வழக்கமாக ஆள் கூடினால் மிஞ்சியவரை வெளியேற்றுவோம். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். மிஞ்சிய பிள்ளையை எந்தக் குழு முதலில் கைபிடித்து உள்ளே எடுக்கிறதோ அந்தக் குழுவுக்கே புள்ளி. யாரையும் பசியோடு அனுப்பாத கதைக்கு ஆளை வெளியேற்றும் விளையாட்டு ஒத்துவராது. கடைசியாக "ஐந்து" என்று சொல்லி நிறுத்தினால், கைவேலைக்கான எட்டுக் குழுவும் கிடைத்துவிடும். ஒவ்வொரு குழுவிலும் பெரிய பிள்ளை ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கைவேலைக்கு மண்ணிறத் தாள் ஒன்றும் பச்சைத் தாள் ஒன்றும் போதும். பச்சைத் தாள் வாழையிலை, அதில் ஐந்து வட்டமும் இரண்டு மீனும் ஒட்டி மடித்து நூலால் கட்டுவார்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வட்டங்களையும் மீன்களையும் முன்கூட்டியே வெட்டி வையுங்கள். மூத்தவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் தன்னிடம் உள்ள ஒன்றை எழுதட்டும்: நேரம், பாட்டு, தம்பியைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் அள்ளுவது. ஒரு தடவை ஒரு பிள்ளை ஒரு வட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அது நான் சாப்பிட" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

சாப்பாடு

கதையில் வந்ததையே கொடுங்கள். பிள்ளைக்கு இரண்டு சின்ன ரொட்டியாக, உதவியாளர்களையும் சேர்த்து நூறு ரொட்டி. குரக்கன் மாவும் கோதுமை மாவும் பாதிக்குப் பாதியாக நான்கு கிலோ, ஏழு தேங்காய். தனிக் குரக்கனில் சுட்டால் ஆறியதும் காய்ந்துபோகும், பிள்ளைகள் மிச்சம் வைப்பார்கள். நெத்தலி ஒரு கிலோ, வெங்காயத்தோடு உறைப்புக் குறைத்துப் பொரித்தால் தாராளம். சனிக்கிழமைகளில் மச்சம் சாப்பிடாத பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு வாழைப்பழமும் சீனியும் தனியாக, யாரும் கேட்குமுன்பே எடுத்து வையுங்கள். மீன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெயர் கடிதத் துண்டில் இருக்கும், அதைக் குசினியில் ஒட்டுங்கள். குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர், கொதித்தாறிய நீரில்.

பரிமாறுவது குழுத் தலைவர்கள். சீஷர்கள் செய்ததும் அதுதான். எல்லாருக்கும் கிடைக்குமட்டும் யாரும் வாய் வைப்பதில்லை, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சேர்ந்தே சாப்பிடுவது.

அன்றைய நேர ஒழுங்கு

8.00 – உதவியாளர்கள் வந்து ஜெபம், பாய் விரித்தல்
8.30 – வரவேற்பு, இடாப்பு, கழுத்தில் பெயர்ச் சீட்டு
8.45 – கும்மிப் பாட்டு
9.00 – வரிசை விளையாட்டு
9.25 – கதை
9.35 – வசனம், கேள்விகள்
9.50 – கைவேலை
10.20 – கை கழுவிச் சாப்பாடு
10.45 – துணிக்கை பொறுக்குதல், பாட்டு, ஜெபம்
11.00 – வீட்டுக்கு

விளையாட்டைக் கதைக்கு முன் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஓடிக் களைத்த பிள்ளை இருந்து கேட்கும். நேரம் தவறினால் கைவேலையைக் குறையுங்கள், வீட்டில் முடிக்கலாம். கதையைக் குறைக்க வேண்டாம்.

துணிக்கை பொறுக்குதல் பற்றி ஒரு சொல். "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு" மீதியைச் சேர்த்து வையுங்கள் என்று இயேசு சொன்னார். பன்னிரண்டு சின்னக் கடகத்தை ஊரில் இரவல் வாங்கி வளவு முழுவதும் வையுங்கள். மிஞ்சிய ரொட்டி சிலவற்றுக்குள், தாள், நூல், இலை மற்றவற்றுக்குள். எத்தனை நிறைகிறது என்று எல்லாரும் சேர்ந்து எண்ண வேண்டும். தொடாத ரொட்டிகளை இலையில் கட்டி, ஒரு பெரியவரோடு இரண்டு பிள்ளைகளாக, அந்த ஒழுங்கையில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு அனுப்புவோம். யார் எந்த மதம் என்று பார்ப்பதில்லை.

முடிந்த பிறகு

கடிதத் துண்டில் பெயர் உள்ளவர் வந்தால்தான் பிள்ளையை அனுப்புங்கள். "நான் தனியப் போவன் மிஸ்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் சரி. வாசலில் இடாப்போடு நிற்பவர் ஒவ்வொரு பெயரையும் கோடிட்டுவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

அன்று மாலையே, களைப்பாக இருந்தாலும், எட்டுப் பேரும் இருபது நிமிடம் இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் அமைதியானார்கள், எங்கே நெளிந்தார்கள், எந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை, எந்தப் பிள்ளை ரொட்டியைச் சாப்பிடாமல் பையில் வைத்தது. அப்படிப் பையில் வைத்த பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே யாராவது போய் வர வேண்டும். கையெழுத்திட்ட துண்டு வந்தும் பிள்ளை வராத வீடுகளுக்கும் போங்கள், ஏன் வரவில்லை என்று விசாரிக்க அல்ல, ஒரு கைவேலைத் தாளைக் கொடுத்துவிட்டு வர.

கடகங்களைக் கழுவிக் காயவைத்து, வாங்கிய வீடுகளுக்கே மறுநாள் திருப்பிக் கொடுங்கள். வாசலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, தண்ணீர்ப் போத்தல், தலைப்பட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டு வருவார்கள். அப்போது வசனத்தையும் கேளுங்கள்.